இருபத்து மூன்றாம் சுறாவின் தோல்

என் மனைவி சம்பூர்ணம் ஒரு வேலையைப் பிடித்துவிட்டால் அது முடிகிறவரைக்கும் அவளுக்குக் காது கேட்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, இருபத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவனின் வாக்குமூலமாகச் சொல்கிறேன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவன். காலையில் அறுபது பெண்களை ஏற்றி இறக்குகிறேன். அத்தனை பேர் போடும் சத்தத்தையும் சமாளித்துவிடலாம். சம்பூர்ணம் ஒருத்தி சத்தமில்லாமல் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதைச் சமாளிக்க என்னால் ஆகாது.

அவளுக்கு வேலை தோல் பதனிடும் தொழிற்சாலையில், சாம்பிள் டிரம்மில். பெரிய டிரம்மில் நூற்றுக்கணக்கான தோல்களைப் போட்டுச் சுற்றுவதற்கு முன்னால், சின்ன டிரம் ஒன்றில் நாலு துண்டைப் போட்டு எந்த கெமிக்கல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று சோதித்துப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சின்ன டிரம் அவள் பொறுப்பு. தோல் வெளியே வந்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். சொரசொரவென்று இருந்தால் மறுபடி உள்ளே போகும். வழுவழுவென்று இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான், இல்லாவிட்டால் கண்டெய்னரோடு திருப்பி அனுப்பிவிடுவான். அந்தக் கட்டைவிரலால் எங்கள் வீட்டுச் சுவரையும், கடையில் வாங்கும் துணியையும், ஒருமுறை நான் சவரம் செய்த லட்சணத்தையும்கூடச் சோதித்திருக்கிறாள்.

சாம்பிள் நன்றாக வந்தால் அதன் அட்டையில், கெமிக்கல் அளவை எழுதிக் கொடுக்கிற டெக்னாலஜிஸ்ட் நாகேந்திரன் கையெழுத்துப் போடுவார். கெட்டுப்போனால் அதே அட்டையில் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிப் பக்கத்தில் சம்பூர்ணம் பெயரைப் போடுவார். அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

போன வருஷம் தை மாதம் தொழிற்சாலைக்கு ஒரு போன் வந்தது. பேசியது சௌம்யா என்கிற டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, சுறாமீனைப் பற்றிப் படித்த டாக்டர். குடியாத்தத்துப் பெண், லுங்கி நெய்கிற குடும்பம். அந்தமான் பக்கம் ஒரு தீவில் சுறா ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறார். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெயர் தெரிந்தால் சுறா பிடிக்கிறவன் படகோடு வந்து நிற்பானாம்.

அவர்கள் ஏழு வருஷமாகப் பின்தொடர்ந்து வந்த ஒரு பெண் புலிச்சுறா, யாரோ கடலில் விட்டுப்போன பழைய வலையில் சிக்கிச் செத்துவிட்டது. அதன் தோலை எடுத்துப் பதப்படுத்தி நிலையத்தில் வைக்க வேண்டும். தீவுப் பிள்ளைகள் சுறா என்றாலே அலறுகிறார்கள், பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கட்டும். வனத்துறை அனுமதி கையில் இருக்கிறது, பதனிடத்தான் ஆள் இல்லை. சொந்த ஊர்ப் பக்கம் தோலுக்குப் பேர்போனது என்று ஞாபகம் வந்து போன் செய்திருக்கிறார்.

நாகேந்திரன் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். "மீன் தோலெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு? கெட்டுப்போச்சுன்னா கம்பெனி பேரு போய்டும்" என்று டீ நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார்.

"அந்த நம்பரக் குடுங்க சார். நான் போறேன்" என்றாளாம் சம்பூர்ணம்.

அவர் சிரித்தாராம். "நீயா? நான் எழுதிக் குடுக்கலன்னா உனக்கு டிரம்மே சுத்தாதேம்மா."

பத்துப் பேர் முன்னால் சொன்னது. விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார், மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு தோலுங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரிக்கும் என் கையால. யாரும் எழுதிக் குடுக்காம. நல்லா வருதா இல்லியான்னு நான் பாக்கணும்."

"ஆழம் தெரியாம கால உடாத சம்பூர்ணம். அது ஆட்டுத்தோலு இல்ல."

"தோலு தோலுதான்" என்றாள். இந்த ஒரு வார்த்தை பின்னால் எங்களை என்ன பாடுபடுத்தியது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இருபது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவள் போய்ச் சேரும்வரை தோல் அழுகாமல் இருக்க, போனிலேயே அந்த டாக்டருக்கு உப்புப் போடச் சொல்லிக்கொடுத்தாள். "இன்னும் போடுங்க மேடம், கம்மியாப் போடாதீங்க, கல்யாணத்துக்கா சமைக்கிறோம்?" என்று அதட்டியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. பழைய முறையில் பதனிடுவதற்குக் கடுக்காய்த் தூள் ஒரு மூட்டை, ஆவாரம்பட்டை ஒரு மூட்டை, தோலின் உள்பக்கச் சதையைச் சீவுகிற இரண்டு பிடிக் கத்தி ஒன்று என்று கட்டி வைத்தாள். தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். பாலாற்றில் வெள்ளம் வந்தாலே பாலத்து மேல் நின்று பார்க்கிற ஆள் நான். மூன்று நாளும் குடல் வாய்க்கு வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எங்கள் மூட்டையை மோந்து பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். சம்பூர்ணம் பொத்தின மூக்குகளைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க பெல்ட்டும் ஒரு காலத்துல இப்பிடித்தான் நாறிச்சு." மூக்கிலிருந்து கைகள் இறங்கிப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தன.

நிலையம் என்றால் ஏதோ பெரிய கட்டிடம் என்று நினைத்திருந்தேன். நாலு தகரக் கொட்டகை, ஒரு படகுத்துறை, சுறாக்குட்டிகள் நீந்துகிற ஒரு தொட்டி, எழுத்தும் எண்ணுமாக நிறைந்த கரும்பலகை. சௌம்யாவோடு இரண்டு ஆராய்ச்சிப் பிள்ளைகள், அவ்வளவுதான். சௌம்யாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்து, முடியைக் கத்தரித்து, அரைக்கால் சட்டையோடு நின்றார். வாயைத் திறந்ததும் குடியாத்தம் வந்துவிட்டது. "வாங்கக்கா, கப்பல்ல ரொம்ப பேஜாராப் பூட்ச்சா?" என்றதும் எனக்கே பாதி உயிர் திரும்பியது.

அந்தச் சுறாவுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இருபத்து மூன்று. பெயர் வைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று எண் வைத்தார்களாம். எண்ணைச் சொல்லிவிட்டு சௌம்யா மூக்கை உறிஞ்சினார், ஆகவே எண் வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. முதல் நாளே ஒரு சின்ன துண்டு தோலைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார். அரிசி மணியைவிடச் சின்னச் சின்னதாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஓடு வேய்ந்த மாதிரி வரிசை. "இதான்க்கா முக்கியம்" என்றார். சம்பூர்ணம் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "தெரியுது மேடம். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் என்ன பார்த்தாள், அவர் எதைக் காட்டினார் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

தோல் பத்தடிக்கு மேல் நீளம். அங்கே இருந்த தொட்டிக்குள் முழுசாக அடங்காது. நம் ஊரில் மாட்டுத்தோலை முதுகெலும்பு வழியாக இரண்டாக அறுத்துக்கொள்வதுபோல் இதையும் அறுக்கலாமா என்று கேட்டாள். ஒரு பக்கம் இந்தச் சுவர், இன்னொரு பக்கம் அந்தச் சுவர் என்று சௌம்யா ஒத்துக்கொண்டார். எந்தச் சாமி அந்த யோசனையைக் கொடுத்ததோ தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

முதல் பாதியை ஊறவைத்தாள். படகுத்துறையில் கிடந்த ஒரு மரத்தூணைச் சாய்த்து, தோலை அதன்மேல் போட்டு, உள்பக்கச் சதையைச் சீவினாள். புரட்டும்போதெல்லாம் மேல்பக்கம் உப்புத்தாள் மாதிரி அவள் உள்ளங்கையைத் தேய்த்தது. தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் ஒன்றுமில்லை. வாலிலிருந்து தலைப் பக்கம் கை போனால் ரத்தம் வந்தது. இரண்டு ஜோடி ரப்பர் கையுறை கிழிந்தது. கட்டைவிரல் வைத்துப் பார்த்தாள், சொரசொர. மறுநாளும் சொரசொர.

"அழுக்கு புடிச்சுனு கீது பாருங்க. ஆட்டுத்தோலுக்கு முடி மாதிரி இதுக்கு இது. இத எடுக்காம தோலுக்குள்ள எதுவும் ஏறாது" என்றாள் என்னிடம்.

டிரம்மில் வழக்கமாக உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் தோலை ஊறப்போடுவது உண்டு. அங்கே ஆய்வுக் கொட்டகையில் ஆசிட் இருந்தது. 'பதனிட வேண்டும்' என்று கேட்டு வாங்கிக்கொண்டாள், அவர்களும் கொடுத்தார்கள். வழக்கமான அளவில் சொரசொரப்பு அசையவில்லை. கொஞ்சம் ஜாஸ்தி ஊற்றினாள். நுரை கட்டியது. மறுநாள் தொட்டியின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. தோலை எடுத்து அலசி, கட்டைவிரலை வைத்தாள்.

வழுவழுவென்று இருந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன், குழந்தைக் கன்னம் மாதிரி. இருபத்து நான்கு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஈரத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

"மேடம்! தொட்டுப் பாருங்க, பட்டு!"

சௌம்யா தொட்டார். வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் ஒருமுறை. மறுபடி ஒருமுறை. அப்புறம் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அதெல்லாம் பல்லுக்கா" என்றார் கடைசியில். "அழுக்கு இல்ல. நம்ம பல்லு எதால ஆனதோ அதே. உடம்பு முழுக்க பல்லு. அது இருக்கறதாலதான் தண்ணி இழுக்காம அவ்ளோ வேகமாப் போகுது. பசங்க வந்து தொட்டுப் பாக்கணும்னு சொன்னது அதத்தான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்துக் கொடுத்துவிட்டு 'பட்டு' என்று வேறு சொல்லியிருந்தோம். உலகத்தில் வேறு யார் செய்திருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. தோல் தெரியாதவன் சொரசொரப்பை அப்படியே விட்டிருப்பான். தெரிந்தவள் என்பதால்தான் கெட்டது.

 அடுத்த படகைப் பிடித்துப் போய்விடலாம் என்று காதோடு சொன்னேன். "மன்னிப்பு கேட்டுக்கலாம். பாதி தோலு இருக்குது, வேற யாரையாவது வெச்சுப் பாத்துக்கட்டும்."

சம்பூர்ணம் ஈரத்தோலைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். சௌம்யாவிடம் போய் நின்றாள்.

"மேடம், அது உயிரோட இருக்கறப்போ எடுத்த படம் எதுனா கீதா?"

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள். நீலத் தண்ணீரில் இருபத்து மூன்று போய்க்கொண்டிருந்தது. உடம்பு வளைவதே தெரியவில்லை, அதன் பக்கத்துத் தண்ணீரும் கலங்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள் சம்பூர்ணம். லட்சம் தோலாவது அவள் கையில் போயிருக்கும். அந்தத் தோலுக்குச் சொந்தமான ஜீவன் நடந்து அவள் பார்த்தது கிடையாது. அவளுக்குத் தோல் என்பது லாரியில் மடிப்பாக, உப்போடு வருவது. பார்த்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

"இன்னொரு பாதி உப்புலதான் கீது" என்றாள். "குடுப்பீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா போய்ட்றேன், தப்பில்ல. குடுத்தீங்கன்னா, முடிக்காம போவ மாட்டேன்."

சௌம்யா கம்ப்யூட்டரை மூடினார். எழுந்து கரைக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "ஆசிட் பாட்டில நான் பூட்டி வெச்சுக்கறேன்க்கா" என்றார். அதுதான் சம்மதம்.

ஆசிட் இல்லாமல் என்றால் ஒரே வழிதான் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் போட்டு அந்தத் துவர்ப்பை மெதுவாகத் தோலுக்குள் ஏற்றுவது. முதலில் வெறும் கலங்கலாக, பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கெட்டியாக. அவசரப்பட்டால் மேலே மட்டும் ஏறி உள்ளே பச்சையாக நின்றுவிடும். டிரம் கிடையாது, ஆகவே கையால்தான் புரட்ட வேண்டும். ஒரு மணிக்கு ஒரு தடவை. சுறாவின் பல் அத்தனையும் அப்படியே இருக்கிற தோல் அது. கையுறை தீர்ந்துவிட்டது. என் பழைய லுங்கியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டாள், அதுவும் நார் நாராகப் போனது. துவர்ப்புத் தண்ணீர் வெட்டுக் காயத்தில் பட்டால் எப்படி எரியும் என்று தோல்காரர்களைக் கேட்டால் தெரியும். "நான் பொரட்றேன், நீ உக்காரு" என்றேன். உதவிக்கு ஒரு முனையைப் பிடிக்க விட்டாள், அதற்கு மேல் விடவில்லை. நான் பிடித்த முனையிலும் தப்பு கண்டுபிடித்தாள்.

நாலு நாளைக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு நூல் அளவு அறுத்துப் பார்ப்பாள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் உள்ளே ஏறவில்லை என்று அர்த்தம். வெள்ளைக் கோடு போவதாக இல்லை. விடுப்பு முடிந்தது. அந்த வாரத்துக் கப்பலும் எங்களை விட்டுவிட்டுப் போனது.

நாகேந்திரன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன்.

"இன்னாம்மா, திங்கக்கெழமை வரலியே. டிரம்முல வேற ஆளப் போடச் சொல்றாங்க."

"சார், நான் ஒரு தோல கெடுத்துட்டேன். ஆசிட் ஜாஸ்தி உட்டுட்டேன். என் தப்புதான். இன்னொன்னு நனைஞ்சுனு கீது. அத உட்டுட்டு வர முடியாது."

 ஒரு தோல் கெட்டதை அவர் எழுதாமல், கெடுத்தவளே வாயால் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எத்தினி நாளு?" என்றார்.

"தோலு சொல்லணும் சார்."

வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் பேசினாள் என்பது எனக்குத் தெரியும். அப்போது சண்டை போட்டேன். வீட்டு வாடகை, மகனின் காலேஜ் என்று அடுக்கினேன். "ரெண்டயும் நாந்தான தொட்டேன்? ஒன்ன கெடுத்துட்டு இன்னொன்ன பாதில உட்டா நான் இன்னா மனுஷி?" என்றாள். நான் போய் முனையைப் பிடித்துக்கொண்டேன். டிரம்மில் அவள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை என்று திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் ஓரத்தை அறுத்தபோது வெள்ளைக் கோடு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. எடுத்து அலசி, உள்பக்கம் மீன் எண்ணெய் தடவி, பலகையில் இழுத்து ஆணியடித்து நிழலில் காயவிட்டாள். காய்ந்த பிறகு கட்டைவிரலை எடுத்தாள், வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் வைத்து இழுத்தாள். தோல் கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. "சரியா வந்துச்சு" என்றாள். ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் பாதி கெட்டதற்கப்புறம் முதன்முதலாகச் சிரித்தாள்.

சௌம்யா அதைத் தொட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுவரில் மாட்டினார்கள். கீழே வைக்கிற அட்டையில் 'பதனிட்டவர்: சம்பூர்ணம், ஆம்பூர்' என்று எழுதினார்.

"இன்னொன்னு எங்க?" என்றாள் இவள்.

கெட்டுப்போன பாதியையும் அவள் சும்மா விடவில்லை, கூடவே பதனிட்டு முடித்திருந்தாள். அது உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "அது வேணாம்க்கா. எதுக்கு?" என்றார் சௌம்யா. நானும் ஜாடை காட்டினேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து யாராவது மடியில் விட்டுக்கொள்வார்களா?

"மாட்டுங்க. அதுக்கும் என் பேரப் போடுங்க. கெட்டதுக்குப் போடலன்னா நல்லதுக்கும் வேணாம், கழட்டிடுங்க."

மாட்டினார்கள். அதற்கும் அதே அட்டை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், பக்கத்துத் தீவுப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் படகில் வந்தார்கள். பதினோரு பேர், எல்லாம் அங்கே குடியேறின தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். வரிசையாக நிற்கவைத்துத் தொடவிட்டார்கள். முதலில் சொரசொரப்பான பாதி. ஒரு பெண் குழந்தை வாலிலிருந்து கையை இழுத்துவிட்டு "ஐயோ, கடிக்குது!" என்று துள்ளியது. மற்றதுகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை, கடி வாங்க அடித்துக்கொண்டு வந்தன. பயந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அதே பெண் அடுத்த சுவருக்குப் போய் வழுவழுப்பான பாதியைத் தடவியது. முன்னும் பின்னும் தடவியது. சிரிப்பு நின்றுவிட்டது. சுவரோரம் நின்ற சம்பூர்ணத்தைத் திரும்பிப் பார்த்தது.

"இது மட்டும் செத்துப்போச்சா ஆன்ட்டி?"

ஒரே சுறாவின் இரண்டு பாதி.  ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள், கட்டுப் போட்ட கையை அந்தத் தோல் மேல் வைத்தாள்.

"ஆமாம்மா. இது ஆன்ட்டி கெடுத்தது. இதும் மேல பூரா பல்லு இருந்துச்சு. எனக்குத் தெரியல, அழுக்குன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அடுத்த பிள்ளை வந்து தடவியது. அதற்கும் முதலிலிருந்து சொன்னாள். பதினோரு பிள்ளைகளுக்கும், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள்.